தலைக்கு அடியில் கை

போன ஞாயிறு சர்ச்சில் உங்களைப் பார்த்தேன். நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். டிப்ளமா படித்திருக்கிறீர்கள். நல்லது. நான் ஆறாவதோடு நின்றவள். இந்தப் புனேயில், ஹடப்சரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாகச் சேர்ந்தேன். ஆயாவாகவே ஓய்வு பெற்றேன். இங்கே ஆயாவை மௌஷி என்பார்கள். மராட்டியில் சித்தி என்று அர்த்தம். டாக்டருக்கும் மௌஷி, நோயாளிக்கும் மௌஷி, வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் மௌஷி. என் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

உங்களில் தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு, வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டுங்கள். மெஷினைப் பற்றி நான் எழுதவில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆபரேஷன் முடிந்து ஆள் திரும்பி வருகிற கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் இருந்தது ரிகவரி அறையில். என் வேலை முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நடந்தது.

மயக்க மருந்து வேறு, தசையைத் தளர்த்தும் மருந்து வேறு. இதை முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூங்க வைக்கும். இன்னொன்று உடம்பைக் கட்டிப்போடும். வயிறு இறுகி நின்றால் சர்ஜனால் உள்ளே வேலை செய்ய முடியாது. அதற்காகக் கட்டுகிறார்கள். கட்டினால் மூச்சும் நிற்கும். அதுவரை தொண்டையில் போட்ட குழாய் வழியாக மெஷின் மூச்சு கொடுக்கும். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்க்க வேறொரு மருந்து போடுவார்கள். தியேட்டரில் அதற்குப் பெயர் ரிவர்ஸ். "ரிவர்ஸ் குடுத்தாச்சா?" என்று சர்ஜன் கேட்பார். ஏதோ ஆட்டோவைப் பின்னால் எடுக்கிற மாதிரி. கியர் போட்டவுடன் இந்த வண்டி வராது. கட்டு ஒவ்வொரு இடமாக அவிழும். மூச்சு இழுக்கிற தசை முதலில். அப்புறம் கை. கடைசியில்தான் தொண்டை.

தூக்கம் கலைந்து கட்டு அவிழாமல் இருந்தால், ஆள் உள்ளே விழித்துக்கொண்டு கிடப்பார். வெளியே நமக்குத் தெரியாது.

இதை எல்லாம் எனக்குச் சொன்னது மயக்க டாக்டர் ஒருவர். என் மகள் வயது. அவர் வாப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து புனேயில் கேம்ப் என்கிற இடத்தில் துணிக்கடை வைத்தவர். மேடம் பிறந்தது, படித்தது எல்லாம் புனேதான். வீட்டில் மட்டும் தமிழ். அதுவும் தட்டித் தடவித்தான் வரும். "எனக்கு போவணும்", "எனக்கு டீ வேணும் ஆகுது" என்று பேசுவார். தமிழ் பேசும்போதும் என்னை மௌஷி என்றுதான் கூப்பிடுவார். நான் மேடம் என்பேன்.

மேடம் எந்த ஆஸ்பத்திரியிலும் நிரந்தர வேலையில் இல்லை. கூப்பிடுகிற இடத்துக்கு ஸ்கூட்டரில் போவார். காலையில் நம் நர்சிங் ஹோம், மத்தியானம் மகர்பட்டா பக்கம், சாயங்காலம் வேறெங்கோ. வீடு வாகட்டில், ஊரின் அந்தக் கோடியில். புனேயில் இப்படி ஓடுகிற மயக்க டாக்டர்கள் நிறைய. நீங்களும் பார்ப்பீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே உள்ளே வருவார்கள். போட்டபடியே வெளியே போவார்கள்.

ஒரு தடவை ஒரு பயில்வான் வந்தார். தாலீமில், அதாவது குஸ்திக் கூடத்தில், பையன்களுக்குப் பாடம் எடுப்பவர். ஹெர்னியா ஆபரேஷன். முடிந்து ரிவர்ஸ் போட்டதும் மேடம் அவரிடம், "என் கையை அமுக்குங்க தாதா" என்றார். தாதா என்றால் இங்கே அண்ணன். அமுக்கினார். மேடம் கத்தினார். "போதும், போதும், விடுங்க, சாயங்காலம் இந்தக் கையாலதான் ஊசி போடணும்!" எல்லோரும் சிரித்தோம். பலம் வந்துவிட்டது என்று குழாயை எடுத்து ரிகவரிக்குத் தள்ளினோம். அங்கே வந்ததும் தன் எச்சிலையே விழுங்க முடியாமல் கிடந்தார். தொண்டையில் களகளவென்று சத்தம். கண் பிதுங்குகிறது. கை மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கம்பி வளைகிற மாதிரி. மேடம் ஓடிவந்து ஒருக்களித்துப் போட்டு, எச்சிலை உறிஞ்சி எடுத்து, தாடையைப் பிடித்தார். பிழைத்தார்.

கையில் பலம் இருந்தால் தொண்டையில் பலம் என்று அர்த்தம் இல்லை. பயில்வானானாலும் இதுதான்.

அன்றிலிருந்து மேடம் ஒரு ஏற்பாடு செய்தார். குழாய் எடுத்து ரிகவரிக்கு வந்த பிறகு, நோயாளியைத் தலையைத் தூக்கச் சொல்வார். தான் ஐந்து எண்ணுவார். அந்த ஐந்தும் என் உள்ளங்கை தலைக்கும் தலையணைக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

"கண்ணு ஏமாத்திடும் மௌஷி. நெத்தி சுருங்கும், தாடை மேல வரும். பாக்கறதுக்கு தூக்கின மாதிரியே இருக்கும். உங்க கைக்கு கனம் இல்லேன்னாதான் தூக்கினதா அர்த்தம்."

இன்னொரு ஏற்பாடும் செய்தார். ரிவர்ஸ் ஊசியைக் கையில் எடுக்கும்போதே ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார்.

"எதுக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"போன் அடிச்சா எனக்கு புத்தி இங்க நிக்காது. அடுத்த கேஸுக்கு ஓடிடும். அதனால. தலை தூக்கி, நான் அஞ்சு எண்ணி, நீங்க கனம் இல்லேன்னு சொன்னாதான் சாவி. நான் கத்தினாலும் குடுக்கக் கூடாது."

அங்கே இருந்த சிஸ்டர் கேலி செய்வாள். "மௌஷி, ஒரு நாளைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு மஹாபலேஷ்வர் போயிட்டு வாங்க. யார் கேக்கப் போறா?" எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பஸ் கண்டக்டர் ஒருவர். மராட்டிக்காரர். தடித்த கழுத்து, குட்டை ஆள். பித்தப்பையில் கல். வயிற்றில் ஓட்டை போட்டு கேமரா விட்டு எடுக்கிற ஆபரேஷன். மேஜையில் படுத்ததும் என்னிடம், "மௌஷி, காலையிலேருந்து டீ கூட குடுக்கல. முடிஞ்சதும் அரை கிளாஸ் கட்டிங் டீயாவது கிடைக்குமா?" என்றார். "முதல்ல கண்ணு முழிங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். வெளியே அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் முடிகிற கட்டத்தில் சர்ஜன், "வயிறு டைட்டா இருக்கு. இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றார்.

"சர், முடியப் போகுதே" என்றார் மேடம்.

"முடியாது. பை ஒட்டிக்கிட்டு இருக்கு. நேரம் ஆகும்."

மேடம் தளர்த்தும் மருந்தை இன்னும் கொஞ்சம் கொடுத்தார். கொடுத்ததும் பை இலகுவாகப் பிரிந்து வந்துவிட்டது. எல்லாம் சீக்கிரம் முடிந்துபோனது. யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. வேலை முடிந்துவிட்டது, மருந்து அப்போதுதான் உடம்பில் ஏறியிருக்கிறது. இந்த மாதிரி நாள்தான் நீங்கள் பயப்பட வேண்டிய நாள். ஆபரேஷன் கஷ்டமாக இருந்த நாள் அல்ல.

மேடம் காத்திருந்தார். ரிவர்ஸ் முழு அளவும் போட்டார். சாவி என்னிடம் வந்தது. போன் அடித்தது. பார்த்தார், கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினார். கண்டக்டர் கண்ணைத் திறந்தார். குழாயைக் கடித்தார். மூச்சு நன்றாக வந்தது. கையை அமுக்கினார். குழாயை எடுத்து ரிகவரிக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாவது தடவை அடித்தபோது சிஸ்டர் போனை எடுத்து மேடம் காதில் வைத்தாள். மகர்பட்டா பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே இருக்கிற லேடி டாக்டரின் குரல் எனக்கே கேட்டது. பிரசவ வலியில் ஒரு பெண். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது. உடனே வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும். மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. அவர்களுக்கு இருக்கிற இன்னொரு மயக்க டாக்டர் ஊரின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறார். நம் இடத்திலிருந்து அது பக்கம். சிக்னலில் நிற்காவிட்டால் ஸ்கூட்டரில் கூப்பிடு தூரம்.

"வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார் மேடம்.

சர்ஜன் கையுறையைக் கழற்றியபடி கதவருகே நின்றார். "நீ போ. இவன் நல்லாத்தான் மூச்சு விடறான். நான் இருக்கேன், மௌஷி இருக்கா" என்றார்.

மேடம் கண்டக்டரிடம் மராட்டியில் தலையைத் தூக்கச் சொன்னார். நான் கையை விட்டேன். மேடம் எண்ணினார். நெற்றி சுருங்கியது. தாடை மேலே வந்தது. தோள் அசைந்தது. "பாத்தியா? தூக்கிட்டான்" என்றார் சர்ஜன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருந்திருக்கும். என் கைமேல் தலை அப்படியே கிடந்தது.

மேடம் என் பக்கம் கையை நீட்டினார். தமிழில் பேசினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்றால் நாம் தமிழுக்கு மாறிவிடுவோம். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எங்கேயும். சர்ஜனுக்குப் புரியாது, சிஸ்டருக்குப் புரியாது, படுத்திருப்பவருக்கும் புரியாது.

"சாவி குடுங்க மௌஷி."

"கனமா இருக்கு மேடம்."

"தூக்கினாரு. நான் பாத்தேன்."

"தாடையைத் தூக்கினாரு. தலை தூக்கல."

"அங்க ஒரு குழந்தை மௌஷி. உங்களுக்கு புரியுதா? குழந்தை."

"புரியுது."

"இவருக்கு சர் இருக்காரு. எனக்கு போவணும். இவர் வந்துடுவாரு மெதுவா."

நான் இன்னொரு கையால் பையை மூடிக்கொண்டேன்.

"குடுங்கன்னு சொல்றேன்ல!"

"கத்தினாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது வேற. இது வேற."

"எனக்கு அந்த வேற எல்லாம் தெரியாது மேடம். உங்க கையை வச்சுப் பாருங்க. கனம் இல்லேன்னா எடுத்துக்கங்க. சாவி என் பையிலதான் இருக்கு."

மேடம் என்னை முறைத்தார். பிறகு நான் கையை எடுத்த இடத்தில் தன் கையை விட்டார். மறுபடி தூக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்று வரவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

அதுவரை கண்டக்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்போது குறட்டை நின்றது. குறட்டை நின்றால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். மார்பைப் பாருங்கள். வயிறு மேலே போனது, மார்பு உள்ளே போனது. காற்று எங்கும் போகவில்லை. மேடம் தலைமாட்டுக்குப் போய் இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்தார். குறட்டை திரும்ப வந்தது. மூச்சும் வந்தது. திரையில் ஆக்சிஜன் எண் இறங்கி, நின்று, ஏறியது.

சர்ஜன் விடவில்லை. "தாடைதானே? நான் பிடிக்கறேன். நீ கிளம்பு."

"பிடிங்க சர்" என்று மேடம் இடம் கொடுத்தார். அவர் பிடித்தார். மூச்சு அடைத்தது. எண் மறுபடி இறங்கியது. அவர் வெட்கப்படவில்லை, கோபப்படவும் இல்லை. நகர்ந்துகொண்டார். அது அவர் வேலை அல்ல, அவ்வளவுதான்.

மேடம் தாடையை விடாமல் சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். சிஸ்டர் அந்த லேடி டாக்டருக்குப் போன் போட்டு மேடம் காதில் வைத்தாள்.

"என்னால வர முடியாது. என் பேஷன்ட் இன்னும் முழுசா வரல. வேற யாரையாவது பாருங்க."

அந்தப் பக்கம் சத்தம். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "தெரியுது" என்றார். "எனக்குத் தெரியுது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார். சிஸ்டர் போனை எடுத்துவிட்டாள்.

அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் முழு அளவும் போட்டாயிற்று. அதற்கு மேல் போட்டால் பலம் கூடாது, குறையும் என்பார் மேடம். வேகமாகக் கட்டை அவிழ்க்கிற புது மருந்து அப்போது நம் நர்சிங் ஹோமில் வைத்திருக்கவில்லை. தேவைப்பட்டால் திரும்பக் குழாய் போட எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு தாடையைப் பிடித்தபடி நின்றார். நான் கால்மாட்டில் நின்றேன். யாரும் பேசவில்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. கண்டக்டரின் மனைவி. "ஆச்சா மௌஷி?"

"ஆயிட்டு இருக்கு."

மேடத்தின் கை இருந்த இடத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. முதலில் கண்டக்டரின் தொண்டைக் குமிழ் மேலே போய்க் கீழே வந்தது. விழுங்கினார். பிறகு மறுபடியும் விழுங்கினார். மேடம் தாடையை மெதுவாக விட்டுப் பார்த்தார். மூச்சு நின்றுவிடவில்லை. தலையைத் தூக்கச் சொன்னார். நான் கையை விட்டேன். தூக்கினார். என் கைக்கு மேலே ஒன்றும் இல்லை. ஐந்தும் எண்ணி முடிந்தது.

சாவியை எடுத்து நீட்டினேன். மேடம் வாங்கவில்லை. போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

அங்கே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த லேடி டாக்டர் காத்திருக்க முடியாமல், தலையில் உறிஞ்சு கப் வைத்து இழுத்துக் குழந்தையை எடுத்துவிட்டார். குழந்தை உடனே அழவில்லை. தாமதமாக அழுதது. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்த ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு மேடத்தைக் கூப்பிடவே இல்லை. மேடத்துக்கு அதிக வேலை கொடுத்த இடம் அதுதான்.

மறுநாள் காலையில் வார்டில் போர்வை மாற்றப் போனேன். கண்டக்டர் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில்.

"மௌஷி, நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசினது என்ன பாஷை?"

எனக்குக் கை நின்றது. "தமிழ். உங்களுக்குக் கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுது. ஒரு வார்த்தை புரியல. ஆனா சண்டை என்னன்னு புரிஞ்சுது."

"என்ன சண்டை?"

"ஒருத்தங்க போறேங்கறாங்க. ஒருத்தங்க விடமாட்டேங்கறாங்க. இதுக்கு பாஷை எதுக்கு? பஸ்ஸுல தினமும் பார்க்கறேனே."

மனைவி, "இவருக்குத் தூக்கத்துலயும் பஸ்ஸுதான்" என்றார்.

"தூக்கம் இல்லடி, முழிச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "நான் தூக்கினேன் மௌஷி. இருக்கற பலம் எல்லாம் போட்டுத் தூக்கினேன். தூக்கிட்டேன்னுதான் நினைச்சேன். அப்புறம் பார்த்தா உங்க கை தலைக்கு அடியில அப்படியே இருக்கு. பெல் கயித்தைப் பிடிச்சு இழுக்கற மாதிரி, இழுக்கறேன் இழுக்கறேன், மணி அடிக்கல. அந்த மேடம் போயிட்டாங்க."

"போகல" என்றேன். "உங்க தாடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவங்கதான்."

பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. "அது அவங்களா? வேற யாரோ பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் அவங்க போயிட்டாங்கன்னே படுத்திருந்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, மௌஷி?"

நான் போர்வையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடம் அடுத்து வந்தபோது, கேஸுக்கு முன்னால் பின் படியில் டீ குடித்தோம். மேடம் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் மௌஷி?"

"தெரியல மேடம்."

"உங்க மேல எனக்கு கோபம் இருந்துச்சு."

"இருக்கட்டும்."

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும் மேடம்."

டீ ஆறிப்போனது. "யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "அந்தக் குழந்தையை நான் தொடல. இவர் மூச்சை நான்தான் நிறுத்தினேன். நிறுத்தினவதான் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு நடுவுல எங்கயும் போகக் கூடாது. சரியா தப்பான்னு தெரியல. எனக்கு இது ஒண்ணுதான் பிடிச்சுக்கறதுக்கு இருக்கு."

நான் இதை உங்களுக்குச் சட்டமாகச் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் இரண்டு உயிர் கூப்பிட்டால் யாருக்கும் சரியான பதில் இருக்காது. அன்று அந்தக் குழந்தை போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று பாருங்கள். அவசரம் இல்லாத நேரத்தில், புத்தி தெளிவாக இருந்த நேரத்தில், மேடம் தனக்கே ஒரு முட்டுக்கட்டை போட்டு வைத்திருந்தார். அவசரம் வந்தபோது யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நின்றால் போதும். நீங்களும் உங்கள் முட்டுக்கட்டையை நல்ல நாளில் போட்டு வையுங்கள். அதை யாரிடம் கொடுக்கிறீர்களோ, அவரைப் பிறகு திட்டாதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை.

இப்போது கட்டைவிரலில் மாட்டுகிற பெட்டி வந்திருக்கிறது. நரம்பைத் தட்டி, விரல் எவ்வளவு துடிக்கிறது என்று எண் காட்டுகிறது. தலை தூக்குவது மட்டும் போதாது, அந்த எண்ணும் வர வேண்டும் என்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். பெட்டியை மாட்டுங்கள். புது மருந்து இருந்தால் டாக்டர் போடட்டும். ஆனால் போன் அடிக்கும்போது பெட்டி ஒன்றும் சொல்லாது. குழாய் எடுத்த பிறகும் உங்கள் கண் ஆளின் மார்பின்மேல் இருக்கட்டும்.

அப்புறம், ரிகவரி அறையில் நாம் தமிழ் பேசிக்கொள்கிறோமே, அதை விட்டுவிடுங்கள். படுத்திருப்பவருக்குப் புரியாது என்றுதான் பேசுகிறோம். வார்த்தை புரியாது. மற்றது புரியும்.

அன்று பின் படியில், டம்ளரைக் கழுவிக்கொண்டே, கண்டக்டர் சொன்னதை மேடத்திடம் சொன்னேன். சண்டை புரிந்தது என்றதற்கு மேடம் சிரிக்கப் பார்த்தார். கடைசி வரைக்கும் நீங்கள் போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாராம் என்றேன். சிரிப்பு நின்றது.

"நான் அங்கயேதானே இருந்தேன்" என்றார்.

"ஆமா மேடம்."

"தாடையைப் பிடிச்சிட்டு இருந்தேனே."

"நாம யாரும் அவர்கிட்ட சொல்லல."

எழுந்து உள்ளே போனார்.

அன்றைய கேஸ் ஒரு வயதான மராட்டி அம்மா. கர்ப்பப்பை ஆபரேஷன். முடிந்தது. ரிவர்ஸ் போட்டார். குழாய் எடுத்து ரிகவரிக்கு வந்தோம். அந்த அம்மா கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மேஜைமேல் மேடத்தின் போன் அடித்தது. அடித்து நின்றது. நான் கையை அந்த அம்மாவின் தலைக்கு அடியில் விட்டேன். மேடம் தலையைத் தூக்கச் சொல்லவில்லை. குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோய் மராட்டியில் சொன்னார்.

"மீ இதேச் ஆஹே. நான் இங்கேயேதான் இருக்கேன். நீங்க தலை தூக்கற வரைக்கும் எங்கேயும் போக மாட்டேன். அவசரம் இல்லை."

கண் அப்போதும் திறக்கவில்லை. கேட்டதா என்று பார்த்தால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் உள்ளங்கையில் மட்டும், தலை கொஞ்சம் திரும்பியது. குரல் வந்த பக்கமாக.